டிஜிட்டல் நாணயத்துக்கு எந்தக் குறியீடு? நான்கு வழிகளும் மறைந்திருக்கும் செலவுகளும்

கணக்கு மென்பொருளில் பிட்காயினைச் சேர்க்க உட்கார்ந்தால் முதல் தடை நாணயக் குறியீடு என்ற கட்டத்திலேயே வந்துவிடும். அங்கே மூன்று எழுத்துக்குத்தான் இடம். பிடிசி என்று போடுவதா, எக்ஸ்பிடி என்று போடுவதா? இ-ரூபாய்க்குத் தனிக் குறியீடு வேண்டுமா? டாலர் மதிப்போடு கட்டப்பட்ட யுஎஸ்டிடி நான்கு எழுத்தாயிற்றே, அதை எங்கே திணிப்பது? சொந்தமாக டோக்கன் (பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் பதிவாகும் டிஜிட்டல் அலகு) வெளியிடப் போகிறவர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: பெயரை நாமே வைத்துக்கொள்ளலாமா, யாரிடமாவது கேட்க வேண்டுமா?

நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன. நாட்டின் நாணயத்துக்கு ஏற்கெனவே இருக்கும் ஐஎஸ்ஓ 4217 குறியீடு (ஐஎஸ்ஓ என்பது சர்வதேசத் தர அமைப்பு). அதே தரத்தின் பாணியில் எக்ஸ் எழுத்தில் தொடங்கி நாமே வைத்துக்கொள்ளும் குறியீடு. எக்ஸ்சேஞ்சுகளில், அதாவது கிரிப்டோ வாங்கி விற்கும் சந்தைகளில், புழங்கும் சுருக்கப் பெயரான டிக்கர். ஐஎஸ்ஓ 24165 தரும் ஒன்பது இலக்க அடையாளம். எதைத் தேர்ந்தாலும் ஒரு செலவு உண்டு, அது முதல் நாளில் கண்ணில் படாது.

இங்கே குறியீடுகளை ஆங்கில எழுத்துகளின் ஒலிப்பாகத் தமிழில் எழுதியிருக்கிறோம். அப்படி எழுதுவதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. அதுவும் அளவுகோல்களில் ஒன்றாகப் பின்னால் வரும்.

## எதை வைத்து அளப்பது

கூட்டலாமா? நாணயக் குறியீட்டின் முதல் வேலை இதுதான். ஒரே குறியீடு உள்ள இரண்டு தொகைகளை மென்பொருள் யோசிக்காமல் கூட்டிவிடும். குறியீடு வேறானால் நடுவில் மாற்று விகிதம் கேட்கும். ஆகவே குறியீடு கொடுக்கும்போது நாம் சொல்வது, "இதெல்லாம் ஒன்றுக்கொன்று சமம்" என்பதை. சமமில்லாததற்கு ஒரே குறியீடு கொடுத்தால் கணக்கு பொய்யாகும். சமமானதற்கு இரண்டு குறியீடு கொடுத்தால் ஒரே சொத்து இரண்டு இருப்பாகப் பிரிந்து நிற்கும்.

யார் காவல்? குறியீடு இன்னொருவருக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள ஓர் அமைப்பு இருக்கிறதா? ஐஎஸ்ஓ 4217 பட்டியலை ஐஎஸ்ஓ சார்பில் பராமரிப்பது சுவிட்சர்லாந்தின் சிக்ஸ் நிறுவனம். டிக்கருக்கு அப்படி ஒருவரும் இல்லை.

கட்டத்தில் அடங்குமா? வங்கிகள் பணம் அனுப்பப் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் செய்தியின் 32ஏ புலத்தில் தேதிக்கு ஆறு இலக்கம், நாணயத்துக்குச் சரியாக மூன்று எழுத்து, பிறகு தொகை. ஐஎஸ்ஓ 20022 செய்திகளிலும் தொகையோடு ஒட்டி வருவது மூன்று பெரிய எழுத்துகள். கார்டு பரிவர்த்தனையில் எழுத்துக் குறியீடும் போதாது. சிப் வைத்த ஈஎம்வி கார்டில் நாணயம் மூன்று இலக்க எண்ணாகப் போகும்: ரூபாய்க்கு 356, டாலருக்கு 840. எண் இல்லாத நாணயம் அந்தப் பாதையில் நுழைய முடியாது.

எத்தனை தசமம்? ஐஎஸ்ஓ பட்டியலில் ஒவ்வொரு நாணயத்துக்கும் தசம இடங்களின் எண்ணிக்கையும் உண்டு. ரூபாய்க்கு இரண்டு, ஜப்பானின் யென்னுக்குப் பூஜ்யம், குவைத் தினாருக்கு மூன்று. பட்டியலிலேயே அதிகபட்சம் நான்குதான். பிட்காயினுக்கு எட்டு வேண்டும், எத்தீரியம் பிளாக்செயினின் நாணயமான ஈதருக்குப் பதினெட்டு.

காதில் தெளிவாக விழுமா? தமிழில் பேசுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. பட்டியலில் எக்ஸ் வரிசையில் பிளாட்டினமும் பல்லேடியமும் இருக்கின்றன. பிளாட்டினத்தின் குறியீட்டையும் (எண் 962) பல்லேடியத்தின் குறியீட்டையும் (எண் 964) தமிழில் எழுதினால் இரண்டும் எக்ஸ்பிடிதான். பிட்காயினுக்குப் பரிந்துரைக்கப்பட்டதும் எக்ஸ்பிடியே. ஆங்கிலத்தில் எழுத்து வேறாக இருக்கலாம். போனில் ஒருவர் சொல்லி இன்னொருவர் தட்டச்சு செய்யும் அலுவலகத்தில் மூன்றும் ஒன்றுதான். பேச்சில் எப்போதும் முழுப் பெயரையும் சேர்த்துச் சொல்வதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

## வழி 1: நாட்டின் நாணயக் குறியீட்டையே வைத்துக்கொள்வது

1978இல் வந்த ஐஎஸ்ஓ 4217 தரத்தில் முதல் இரண்டு எழுத்து நாட்டைக் குறிக்கும், மூன்றாவது பெரும்பாலும் நாணயத்தின் முதலெழுத்து. ஐஎன் என்றால் இந்தியா, ஆர் என்றால் ரூபாய், சேர்ந்து ஐஎன்ஆர். இலங்கைக்கு எல்கேஆர், சிங்கப்பூருக்கு எஸ்ஜிடி, மலேசியாவுக்கு எம்ஒய்ஆர்.

மத்திய வங்கியே வெளியிடும் டிஜிட்டல் நாணயத்துக்கு இதில் யோசிக்க அதிகம் இல்லை. ரிசர்வ் வங்கியின் இ-ரூபாய் 2022 நவம்பர் 1 அன்று மொத்தப் பரிவர்த்தனைக்கும் டிசம்பர் 1 அன்று சில்லறைக்கும் சோதனை முறையில் வந்தது. அது ரிசர்வ் வங்கியின் கடப்பாடு, நோட்டும் நாணயமும் வரும் அதே மதிப்புகளில் வருகிறது. ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய். குறியீடு ஐஎன்ஆர், எண் 356. பஹாமாஸின் சாண்ட் டாலருக்கும் நைஜீரியாவின் இ-நைராவுக்கும் இதே நியாயம்தான்: பஹாமியன் டாலரின் குறியீடு, நைராவின் குறியீடு.

"டிஜிட்டல் ரூபாயைத் தனியாகப் பார்க்க வேண்டும், அதனால் தனிக் குறியீடு" என்று கேட்பவர்கள் உண்டு. கல்லாவில் இருக்கும் ரூபாயையும் வங்கிக் கணக்கில் இருக்கும் ரூபாயையும் நாம் தனித்தனியாகத்தான் பார்க்கிறோம். அதற்காக நாணயக் குறியீட்டை மாற்றவில்லை. கணக்குத் தலைப்பை மாற்றினோம். இ-ரூபாய்க்கும் அதே மருந்து போதும்: ரொக்கம், வங்கி இருப்பு, இ-ரூபாய் வாலட் என்று பண வடிவத்துக்கு ஒரு புலம் சேர்த்தால் முடிந்தது. புதுக் குறியீடு கொடுத்துவிட்டால் மென்பொருள் உடனே விகிதம் கேட்கும், அந்நியச் செலாவணி லாப நட்டக் கணக்கைத் திறக்கும், முழுமையாக்கல் (ரவுண்டிங்) வித்தியாசம் காட்டும். இல்லாத விகிதத்துக்கு ஆயிரம் பதிவுகள்.

குறியீடு பிரிய வேண்டிய இடம் எது என்பதற்குச் சீனா நல்ல உதாரணம். யுவானின் ஐஎஸ்ஓ குறியீடு சிஎன்ஒய். ஹாங்காங் போன்ற வெளிச் சந்தைகளில் புழங்கும் யுவானுக்கு விலை சற்று வேறாக அமைந்ததால் சந்தை தானாகவே சிஎன்எச் என்ற குறியீட்டை வைத்துக்கொண்டது. ஐஎஸ்ஓ பட்டியலில் அது இல்லை. ஆனாலும் விலை வேறு, ஆகவே கூட்ட முடியாது, ஆகவே குறியீடு வேறு.

வெனிசுவேலா தலைகீழ் பாடம். 2021 அக்டோபர் 1 அன்று பொலிவாரில் ஆறு பூஜ்யங்களை வெட்டி, அதற்கு "டிஜிட்டல் பொலிவார்" என்று பெயரும் வைத்தார்கள். பெயரில் டிஜிட்டல் இருந்தாலும் நோட்டாக அச்சிடப்பட்ட சாதாரணப் பணம்தான் அது. பட்டியலில் விஇடி (எண் 926) சேர்ந்தது. பழைய விஇஎஸ் (எண் 928) நீங்கவில்லை, சந்தையில் விஇஎஸ் என்ற எழுத்துகளிலேயே புது மதிப்பும் புழங்குகிறது. தேதியைப் பார்க்காமல் பழைய வரிகளையும் புதிய வரிகளையும் கூட்டினால் பிழை பத்து லட்சம் மடங்கு.

இந்த வழியின் மறைசெலவு யாருக்கு என்றால், தகுதி இல்லாமல் இதை எடுத்துக்கொள்பவருக்கு. ஸ்டேபிள்காயினை, அதாவது டாலர் போன்ற ஒரு பணத்தின் மதிப்போடு கட்டப்பட்ட டோக்கனை, "எப்படியும் ஒரு டாலர்தானே" என்று யுஎஸ்டி குறியீட்டிலேயே பதிவுசெய்கிறார்கள். 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி மூழ்கியபோது யுஎஸ்டிசி என்ற ஸ்டேபிள்காயினின் இருப்பில் 330 கோடி டாலர் அங்கே மாட்டியிருந்தது. அந்த வார இறுதியில் யுஎஸ்டிசி விலை 90 சென்ட்டுக்கும் கீழே போய்த் திரும்பியது. டாலராக எழுதி வைத்திருந்தவர்களின் புத்தகத்தில் அந்தச் சரிவுக்கு இடமே இல்லை.

இன்னொன்று: தனியார் டோக்கனுக்கு ஐஎஸ்ஓ 4217 குறியீடு வாங்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நாணயத்தை வெளியிடும் அதிகார அமைப்பு, அதாவது மத்திய வங்கி, கேட்டுப் பெறும் பட்டியல் அது. எல் சால்வடோர் 2021 செப்டம்பர் 7 அன்று பிட்காயினைச் சட்டப்பூர்வ நாணயமாக்கியது. அதற்குப் பிறகும் பட்டியலில் பிட்காயின் ஏறவில்லை.

## வழி 2: எக்ஸில் தொடங்கும் குறியீடு

எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பணத்துக்கு முதலெழுத்தாக எக்ஸ் வைப்பது தரத்தின் வழக்கம். தங்கத்துக்கு எக்ஸ்ஏயு (எண் 959), வெள்ளிக்கு எக்ஸ்ஏஜி (961), பன்னாட்டு நிதியத்தின் சிறப்பு எடுப்புரிமைக்கு எக்ஸ்டிஆர் (960). நாட்டுக் குறியீடுகளின் தரத்தில் எக்ஸ்ஏ முதல் எக்ஸ்இஸட் வரை எந்த நாட்டுக்கும் கொடுக்காமல் விட்டிருப்பதால் மோதல் வராது.

பிடிசி என்ற எழுத்துகள் இந்த இலக்கணத்துக்குப் பொருந்தாது. முதல் இரண்டு எழுத்து பூட்டானுடையது. பூட்டானின் இங்குல்ட்ரமுக்கு பிடிஎன் என்பதே குறியீடு. பிடிசி என்றால் இலக்கணப்படி பூட்டானின் ஏதோ ஒரு நாணயம். ஈதரின் கதை இன்னும் வேடிக்கை. இடிஎச் என்பது எத்தியோப்பியாவின் மூன்றெழுத்து நாட்டுக் குறியீடு. எஸ்ஓஎல் சோமாலியாவின் எல்லைக்குள் விழும், ஏடிஏ அண்டோராவுக்குள். தமிழ்நாட்டின் பெயரைச் சுருக்கி டிஎன் என்று தொடங்கும் டோக்கன் வைக்க ஆசைப்பட்டால் போய் நிற்கும் இடம் துனிசியா.

ஆகவேதான் பிட்காயினுக்கு எக்ஸ்பிடி பரிந்துரைக்கப்பட்டது. பிட்காயின் ஃபவுண்டேஷன் 2014இல் இதற்காகவே ஒரு பணிக்குழு அமைத்தது. எக்ஸ்பிசி என்று ஏன் வைக்கவில்லை என்றால், ஐரோப்பியப் பத்திரச் சந்தையின் பழைய கணக்கலகு ஒன்று அதை எடுத்துக்கொண்டிருக்கிறது, எண் 957.

சந்தை இரண்டாகப் பிரிந்தது. 2017 டிசம்பரில் சிகாகோவின் இரு சந்தைகளும் சில நாள் இடைவெளியில் பிட்காயின் ஃபியூச்சர்ஸ் தொடங்கின. சிபிஓஇ வைத்தது எக்ஸ்பிடி, சிஎம்இ வைத்தது பிடிசி. கிராக்கன் எக்ஸ்சேஞ்சின் ஏபிஐயில் (மென்பொருள்கள் தரவு வாங்கும் இடைமுகத்தில்) பிட்காயின் எக்ஸ்எக்ஸ்பிடி என்று நான்கு எழுத்தாக வந்தது, டோஜ்காயின் எக்ஸ்டிஜி என்று வந்தது. பொதுமக்கள் வாயில் நிலைத்தது பிடிசிதான்.

ஆக, எக்ஸ்பிடி வைப்பவர் சுமக்கும் முதல் செலவு மொழிபெயர்ப்பு அட்டவணை. உள்ளே எக்ஸ்பிடி, வெளியே இருந்து வரும் ஒவ்வொரு கோப்பிலும் பிடிசி. ஒரே ஒரு இறக்குமதிப் பாதையில் இந்த மாற்றம் விடுபட்டாலும் ஒரே வாலட்டுக்கு இரண்டு இருப்பு தெரியும். மாத இறுதியில் ஒப்பிடும்போது ஒன்று குறையும், இன்னொன்று கூடும், மொத்தம் மட்டும் சரியாக இருக்கும். கண்டுபிடிக்க மிகச் சிரமமான பிழை இந்த வகைதான்.

இரண்டாவது செலவு: எக்ஸ் வரிசை காலி மனை அல்ல. கரீபியத் தீவுகளான குராசோவும் சிண்ட் மார்டனும் 2025 மார்ச் 31 அன்று கரீபியன் கில்டருக்கு மாறின. அதற்குக் கிடைத்தது எக்ஸ்சிஜி. நேற்றுவரை யாராவது அந்த மூன்றெழுத்தைத் தம் டோக்கனுக்கு வைத்திருந்தால் இன்று அது ஒரு நாட்டுப் பணம். எக்ஸ்ஆர்பி, எக்ஸ்எல்எம், எக்ஸ்எம்ஆர் எல்லாம் பார்வைக்கு ஐஎஸ்ஓ குறியீடு போலவே இருக்கும். பட்டியலில் ஒன்றுகூட இல்லை.

எண்ணை நீங்களாக வைத்துக்கொள்வது இதைவிட ஆபத்து. 900க்கு மேற்பட்ட எண்களில் காலியாக இருப்பதை எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். பட்டியல் மேலிருந்து கீழே இறங்கி வருகிறது: 928, 926 வெனிசுவேலாவுக்கு, 925 சியரா லியோனுக்கு, 924 ஜிம்பாப்வேக்கு. இன்று நீங்கள் 923 வைத்தால் நாளை அடித்துக்கொள்ளும். சோதனைக்கு எண் வேண்டுமென்றால் அதற்கென்றே எக்ஸ்டிஎஸ் (963) இருக்கிறது. சிலர் "நாணயம் இல்லை" என்பதற்கான எக்ஸ்எக்ஸ்எக்ஸ் (999) குறியீட்டில் எல்லாக் கிரிப்டோவையும் கொட்டுகிறார்கள். கட்டத்தை நிரப்ப அது உதவும். ஆனால் பிட்காயினும் டோஜ்காயினும் அங்கே ஒன்றாகக் கூடிவிடும்.

தங்க டோக்கன் வெளியிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. எக்ஸ்ஏயு என்பது ஒரு டிராய் அவுன்ஸ், 31.1035 கிராம். கிராமுக்கு ஒரு டோக்கன் வைத்துக்கொண்டு அந்தக் குறியீட்டைப் போட்டால் மதிப்பு 31 மடங்கு ஏறிவிடும்.

எக்ஸ் வழி எங்கே சரி? மென்பொருளை மாற்றவே முடியாது, புலம் மூன்றெழுத்துதான், ஒன்றிரண்டு கிரிப்டோவுக்கு மேல் வராது என்ற நிலையில். எக்ஸ்பிடி அப்போது நேர்மையான சமரசம்.

## வழி 3: எக்ஸ்சேஞ்ச் டிக்கர்

எல்லோருக்கும் புரியும், செலவில்லை, அனுமதி வேண்டாம். காவலும் இல்லை. யார் வேண்டுமானாலும் யுஎஸ்டிடி என்ற பெயரில் ஒரு டோக்கன் ஒப்பந்தத்தை (டோக்கனை உருவாக்கும் நிரலை) எத்தீரியத்தில் ஏற்றலாம், பிளாக்செயின் தடுக்காது.

டிக்கர் மாறும், பெயர் கைமாறும். 2017 ஆகஸ்ட் 1 அன்று பிட்காயின் கேஷ் பிரிந்தபோது சில இடங்களில் அதற்கு பிசிசி என்று பெயர் வைத்தார்கள். அதே பிசிசி பிட்கனெக்ட் என்ற வேறொரு டோக்கனுக்கும் இருந்தது. பிறகு பிசிஎச் நிலைத்தது. அந்தச் சில மாதப் பதிவுகளில் பிசிசி என்று இருந்தால் எது என்று எக்ஸ்சேஞ்சையும் தேதியையும் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

லூனா இன்னும் மோசம். அதை வெளியிட்ட டெர்ரா என்ற பிளாக்செயின் 2022 மே மாதம் சரிந்த பிறகு அதே மாதம் 28ஆம் தேதி புதுச் சங்கிலி (பிளாக்செயின்) தொடங்கியது. புது டோக்கன் லூனா என்ற பெயரை எடுத்துக்கொண்டது, பழையது எல்யுஎன்சி ஆனது. டிக்கரைத் திறவுகோலாக வைத்த டேட்டாபேஸில் மே மாதத்துக்கு முன்பிருந்த லூனாவும் பின்பு வந்த லூனாவும் ஒரே வரியில் கூடி நிற்கும். ஒன்றுக்கொன்று சமமில்லாத இரண்டு சொத்துகள்.

தசமத்தில் ஒளிந்திருக்கும் பொறி வேறு. எத்தீரியத்திலும் டிரானிலும் யுஎஸ்டிடிக்கு ஆறு தசம இடம். பிஎன்பி செயினில் பைனான்ஸ் எக்ஸ்சேஞ்ச் நகலாக வெளியிட்ட யுஎஸ்டிடிக்குப் பதினெட்டு. டிக்கரைப் பார்த்து "யுஎஸ்டிடி என்றால் ஆறு" என்று முடிவுசெய்த நிரல், பிஎன்பி செயினில் வந்த ஒரு டோக்கனை ஒரு லட்சம் கோடி டோக்கனாகப் படிக்கும். பாலம் (ஒரு சங்கிலியின் டோக்கனை இன்னொரு சங்கிலியில் நகலாகத் தரும் சேவை) வழியே வந்த யுஎஸ்டிசிக்கு சில சங்கிலிகளில் பின்னால் புள்ளி வைத்து ஒரு இ சேர்க்கிறார்கள். அந்தப் புள்ளியை எழுத்துச் சுத்திகரிப்பு நிரல் நீக்கிவிட்டால் போயிற்று.

மென்பொருள் மொழிகளும் இங்கே கால் வாரும். ஜாவாஸ்கிரிப்டின் எண் வடிவமைப்பானிடம் பிடிசி கொடுத்தால் மூன்றெழுத்து என்பதால் ஏற்றுக்கொள்ளும். ஆனால் தெரியாத நாணயம் என்று இரண்டு தசமம் வைக்கும்; 0.00012345 பிட்காயின் விலைப்பட்டியலில் 0.00 என்று அச்சாகும். அதிகபட்ச தசமத்தை எட்டு என்று நீங்களே சொல்ல வேண்டும். யுஎஸ்டிடி கொடுத்தால் நான்கெழுத்து என்று பிழை எறிந்து நின்றுவிடும். ஜாவாவின் நாணய வகுப்புக்கு பிடிசியே தெரியாது. அமைப்புக் கோப்பில் சேர்க்கலாம் என்றாலும் ஒரு நாட்டின் குறியீட்டோடு கட்டித்தான் சேர்க்க முடியும். எந்த நாட்டைப் பலி கொடுப்பது?

திரையில் காட்டவும், வாடிக்கையாளரோடு பேசவும் டிக்கரை மிஞ்ச ஒன்றுமில்லை. அதற்கு மேல் அதை நம்பக் கூடாது.

## வழி 4: டிடிஐ என்ற ஒன்பது இலக்க அடையாளம்

2021இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 24165 தரம் டிஜிட்டல் டோக்கன்களுக்காகவே எழுதப்பட்டது. டிஜிட்டல் டோக்கன் ஐடென்டிஃபயர் ஃபவுண்டேஷன் பதிவேட்டை நடத்துகிறது. எண்ணும் ஆங்கில மெய்யெழுத்தும் கலந்த ஒன்பது இடம். கடைசி இடம் சரிபார்ப்புக்கு, ஆகவே தட்டச்சுப் பிழை உடனே பிடிபடும். உயிரெழுத்துகளைத் தவிர்த்திருப்பதால் தற்செயலாகக்கூட ஒரு சொல் உருவாகாது. பிட்காயினுடையது 4எச்95ஜே0ஆர்2எக்ஸ். இதில் பொருள் தேடாதீர்கள், பொருளில்லாமல் இருப்பதே இதன் பலம். பெயர் மாறினாலும் அடையாளம் மாற வேண்டியதில்லை.

டோக்கன் எது என்பதைத் தொழில்நுட்பக் குறிப்பால் கட்டிவைக்கிறார்கள். ஒரு சங்கிலியின் சொந்த நாணயம் என்றால் அதன் முதல் பிளாக்கின் ஹாஷ் (கைரேகை போன்ற தனி எண்). ஒப்பந்தத்தால் உருவான டோக்கன் என்றால் எந்தச் சங்கிலி, எந்த முகவரி. பிரிந்த சங்கிலிகளுக்கு முதல் பிளாக் மட்டும் போதாது. பிட்காயினுக்கும் பிட்காயின் கேஷுக்கும் முதல் பிளாக் ஒன்றே. 478558ஆம் பிளாக் வரை வரலாறும் ஒன்றே. அதற்கடுத்த பிளாக்கில்தான் வழி பிரிகிறது. ஆகவே பிரிந்த இடமும் பதிவில் வேண்டும்.

கூட்டலாமா என்ற கேள்விக்கு இந்தத் தரத்தில் மட்டுமே நேரான விடை இருக்கிறது. ஒரே ஸ்டேபிள்காயின் ஐந்து சங்கிலிகளில் இருந்தால் ஐந்து அடையாளம், அவற்றை ஒன்றுக்கொன்று மாற்றத்தக்க குழு என்று இணைக்க மேலே இன்னொரு அடையாளம். வாலட் இருப்பைத் தனித்தனியாகப் பார்க்கலாம், வெளியிட்ட நிறுவனத்தின் மீதான உரிமையை மொத்தமாகவும் பார்க்கலாம். பாலம் வழியே வந்த நகல் அந்தக் குழுவுக்குள் தானாக நுழையாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மைக்கா விதிமுறை 2024 டிசம்பர் 30 முதல் கிரிப்டோ சேவை நிறுவனங்களுக்குப் பொருந்துகிறது. அதன் கீழ் வைக்க வேண்டிய பதிவேடுகளில் டிடிஐ கேட்கப்படுகிறது. அங்கே வாடிக்கையாளர் இருந்தால் இது விருப்பத் தேர்வாக இருக்காது.

குறைகள்: மனிதர் வாயில் நுழையாது, விலைப்பட்டியலில் அச்சிட்டால் யாருக்கும் புரியாது, மூன்றெழுத்துக் கட்டத்தில் அடங்காது, கார்டு எண் கிடையாது. சின்ன டோக்கன்களுக்குப் பதிவே இல்லாமல் இருக்கலாம், அப்போது விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு: பதிவு கிடைத்தால் டோக்கனுக்கு ஒப்புதல் கிடைத்ததாக விளம்பரம் செய்கிறார்கள். அடையாளம் "இது எது" என்பதைச் சொல்லும், "இது நல்லதா" என்பதைச் சொல்லாது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | நாட்டின் குறியீடு | எக்ஸ் குறியீடு | டிக்கர் | டிடிஐ |
|---|---|---|---|---|
| கூட்டினால் சரியா | மத்திய வங்கிப் பணத்துக்கு மட்டும் | ஒரு நாணயத்துக்கு ஒன்று என்றால் சரி | உறுதியில்லை | சரி. குழு அடையாளமும் உண்டு |
| காவல் | சிக்ஸ், ஐஎஸ்ஓ சார்பில் | இல்லை. எப்போதும் பறிபோகலாம் | இல்லை | டிடிஐ ஃபவுண்டேஷன் |
| மூன்றெழுத்துக் கட்டம் | அடங்கும் | அடங்கும் | சில அடங்கும் | அடங்காது |
| கார்டுக்கான எண் | உண்டு | இல்லை | இல்லை | இல்லை |
| தசமம் | பட்டியலில் உண்டு | நீங்களே வைக்க வேண்டும் | சங்கிலிக்குச் சங்கிலி மாறும் | குறியீட்டில் தெரியாது |
| முக்கிய மறைசெலவு | ஸ்டேபிள்காயினுக்கு வைத்தால் சரிவு மறையும் | இருபுற மொழிபெயர்ப்பு | பெயர் கைமாறும் | திரைக்கு வேறு பெயர் வேண்டும் |

## யார் எதை எடுப்பது

மத்திய வங்கி நாணயம் மட்டும் கையாளும் கடைக்கோ வங்கிக்கோ வழி 1. வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

இந்தியாவில் கணக்கு வைக்கும் சிறு நிறுவனம், எப்போதாவது ஒரு கிரிப்டோ பரிவர்த்தனை என்றால், பேரேட்டை ஐஎன்ஆரில் மட்டும் வைத்துக்கொண்டு டோக்கனைச் சரக்கு போல அளவுக் கணக்கில் வையுங்கள். 2022 ஏப்ரல் 1 முதல் வந்த 30 சதவீத வரியும், அதே ஆண்டு ஜூலை 1 முதல் வந்த ஒரு சதவீத டிடிஎஸ்ஸும் ரூபாயில்தான் கணக்கிடப்படுகின்றன. நாணயக் குறியீட்டுச் சண்டைக்குள் போகாமலே வேலை முடிந்துவிடும். பலருக்கு இதுவே போதும் என்பது எங்கள் எண்ணம்.

பல டோக்கன், பல சங்கிலி கையாளும் மென்பொருள் எழுதுகிறவர்கள் நான்கில் ஒன்றைத் தேர்வதையே விட வேண்டும். ஒவ்வொரு சொத்துக்கும் உள்ளே பொருளற்ற ஓர் எண் கொடுங்கள். அந்த வரியில் கீழ்க்கண்டவை இருக்கட்டும்:

- திரையில் காட்டும் டிக்கர், குறைந்தது பன்னிரண்டு எழுத்து இடம்; எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை அந்தப் பெயர் என்பதும்
- ஐஎஸ்ஓ 4217 குறியீடு, இருந்தால் மட்டும். இல்லையெனில் காலியாக விடுங்கள், போலியாக நிரப்பாதீர்கள்
- டிடிஐ, இருந்தால்
- சங்கிலியும் ஒப்பந்த முகவரியும். இவை இரண்டும் சேர்ந்து திரும்ப வராதபடி கட்டுப்பாடு
- தசம இடம், ஒப்பந்தத்திலிருந்தே படித்து எடுத்தது

தொகையை மிகச் சிறிய அலகில் முழு எண்ணாகச் சேமியுங்கள். பிட்காயின் மொத்தமே 2.1 கோடி, சடோஷியில் (பிட்காயினின் பத்து கோடியில் ஒரு பங்கு) 21,00,00,000 கோடிக்குள் அடங்கிவிடும். 64 பிட் எண் தாராளமாகத் தாங்கும், ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண்ணும் தாங்கும். ஈதர் தாங்காது. 0.009 ஈதரைத் தாண்டினாலே ஜாவாஸ்கிரிப்ட் எண்ணின் துல்லியம் போய்விடும், 64 பிட் குறியுள்ள எண் 9.22 ஈதரில் நிரம்பி வழியும். டேட்டாபேஸில் 78 இலக்கத் தசம எண், ஏபிஐயில் எழுத்துச் சரம் என்று வைத்துக்கொண்டால் எத்தீரியத்தின் எந்தத் தொகைக்கும் இடம் இருக்கும்.

புது டோக்கன் வெளியிடுபவர் பெயர் வைக்கும் முன் நான்கு இடங்களில் தேட வேண்டும்: நாட்டுக் குறியீடுகளின் பட்டியலில் முதல் இரண்டு எழுத்து, ஐஎஸ்ஓ 4217இன் நடப்புப் பட்டியலிலும் வழக்கொழிந்த நாணயங்களின் பட்டியலிலும் மூன்றெழுத்து, பெரிய எக்ஸ்சேஞ்சுகளின் டிக்கர் பட்டியல், டிடிஐ பதிவேடு. நான்கு அல்லது ஐந்து எழுத்து வைத்தால் நாட்டு நாணயத்தோடு மோதும் வாய்ப்பு முதலிலேயே போய்விடும். மூன்றெழுத்துதான் கௌரவம் என்ற எண்ணத்தை விடுங்கள். பிறகு அதைத் தமிழில் உரக்கச் சொல்லிப் பாருங்கள். பி, டி இரண்டும் இல்லாத எழுத்துகளாக இருந்தால் பாதித் தொல்லை குறையும்.

எந்த வழியில் போனாலும் நேரலைக்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே ஒரு சடோஷியைப் பதிவுசெய்து விலைப்பட்டியல், பிடிஎஃப், சிஎஸ்வி கோப்பு, திரும்ப இறக்குமதி என்று முழுச் சுற்று அனுப்புங்கள். பிடிஎஃபில் 0.00 வந்தால் வடிவமைப்பான் இரண்டு தசமத்தில் நிற்கிறது. சிஎஸ்வியை எக்செல்லில் திறந்து சேமித்தால் 0.00000001 என்பது ஒன்று, இ, கழித்தல் எட்டு என்ற அறிவியல் வடிவத்துக்கு மாறிவிடும். திரும்ப ஏற்றும்போது உங்கள் நிரல் அதை எண்ணாகப் படிக்கிறதா, பிழை காட்டுகிறதா, சத்தமில்லாமல் பூஜ்யமாக்குகிறதா என்று பாருங்கள். பூஜ்யமாக்கினால் குறியீட்டை மாற்றிப் பயனில்லை. கோளாறு அந்த இறக்குமதி நிரலில் இருக்கிறது.